ஜூன் 18, 1836
(இறுதி வெற்றியை எதிர்நோக்கியவர்கள் – அத்தியாயம் 9)

1836 ஜூன் 18, சனிக்கிழமை. தென்மேற்கு ஜெர்மனியில் வூர்ட்டெம்பெர்க் நாட்டின் பக்தர்கள் மூன்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த தேதி அது. அன்று மிருகம் வீழும், சாத்தான் கட்டப்படுவான், ஆயிரமாண்டு அரசாட்சிக்கு வழி திறக்கும். திராட்சைத் தோட்டக்காரர்களும் நெசவாளிகளும் அந்தத் தேதியைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்துவிட்டுச் செத்தார்கள். நாள் வந்தது, போனது. மறுநாள் ஞாயிறு ஆராதனை நடந்தது. திங்கட்கிழமை எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

சென்ற அத்தியாயத்தில் மூன்ஸ்டர் நகரத்தைப் பார்த்தோம். 1534-35இல் கடவுளின் வெற்றியை வாளேந்தி இறக்கிவிடலாம் என்று நம்பியவர்களின் கதை அது. அவர்களின் தலைவர்களுடைய பிணங்களை அடைத்து வைத்த மூன்று இரும்புக் கூண்டுகள் இன்றும் அங்கே கோயில் கோபுரத்தில் தொங்குகின்றன. இந்த அத்தியாயத்தில் வாளுக்கு வேலையில்லை. கணக்கில் தொடங்கித் தொழிலாளர் கூட்டத்தில் போய் நிற்கும் கதை இது. தேதி பொய்த்த பிறகு நம்பிக்கை என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தேதியைக் குறித்தவர் ஏதோ சந்தைக்கடைத் தீர்க்கதரிசி அல்ல. யோஹான் ஆல்ப்ரெக்ட் பெங்கல் (1687–1752) அந்தக் காலத்து ஐரோப்பாவின் மிகக் கவனமான வேத அறிஞர்களில் ஒருவர். ஆறு வயதில் தந்தையை இழந்தவர். சிறுவயதிலேயே பதினான்காம் லூயியின் படைகள் நாட்டைக் கொளுத்தியதைக் கண்டவர். மாணவனாக இருந்தபோது ஒரு செய்தி அவரை உலுக்கியது. 1707இல் ஆங்கிலேயர் ஜான் மில் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில், பிரதிகளுக்கிடையே சுமார் 30,000 பாடபேதங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. கடவுளின் வார்த்தை இப்படிச் சிதறிக் கிடக்குமா? பெங்கல் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். 28 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த டெங்கெண்டோர்ஃப் மடப்பள்ளியில் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே பிரதிகளை ஒப்பிட்டு, 1734இல் தன் கிரேக்கப் பதிப்பைக் கொண்டுவந்தார். இரண்டு பாடங்களில் எது மூலம் என்று ஐயம் வந்தால், புரிந்துகொள்ளக் கடினமானதையே தேர்ந்தெடு என்று அவர் வகுத்த விதியைப் பாடபேத ஆய்வாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள். எழுதுபவன் கடினமானதை எளிதாக்கிவிடுவான், எளிதைக் கடினமாக்க மாட்டான் என்பது அதன் நியாயம்.

இந்த நிதானமான மனிதர்தான் வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்ததும் கணக்குப் போடத் தொடங்கினார். மிருகத்தின் இலக்கம் 666. மிருகத்துக்குக் கொடுக்கப்பட்ட காலம் 42 மாதம். 666ஐ ஆண்டுகளாகக் கொண்டு 42ஆல் வகுத்தால் ஒரு தீர்க்கதரிசன மாதத்துக்கு 15 ஆண்டும், இன்னோர் ஆண்டில் ஏழில் ஆறு பங்கும் வரும். இந்த அளவுகோலை வைத்துப் போப்பாண்டவர்களின் வரலாற்றை அளந்துகொண்டே வந்தார். 1740இல் வெளிவந்த அவருடைய வெளிப்படுத்தல் விளக்கவுரையில் 1836 நிலைபெற்றது. ஆயிரமாண்டுகூட ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு என்றார். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி 1755இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளில், வெளிப்படுத்தலுக்குப் பெரும்பாலும் பெங்கலையே சார்ந்து நின்றார். இத்தனைக்கும் பெங்கல் ஓர் எச்சரிக்கையும் விட்டுச் சென்றார்: 1836 குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமின்றிக் கழிந்தால் தன் முறையில் அடிப்படையான பிழை இருக்கிறது என்று பொருள், அதைத் தேட வேண்டும் என்றார். பாமரர் தேதியை வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மறந்துவிட்டார்கள்.

மறந்ததற்குக் காரணமும் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. நெப்போலியன் வந்தான். வூர்ட்டெம்பெர்க் மன்னன் அவனோடு கூட்டுச் சேர்ந்து அவன் போர்களுக்கு நாட்டு இளைஞர்களை அனுப்பினான். வெளிப்படுத்தலில் பாதாளத்தின் தூதனுக்குச் சொல்லப்படும் அப்பொல்லியோன் என்ற பெயர் நெப்போலியனின் பெயரோடு ஒலிப்பதே பலருக்குச் சான்றாகப் போதுமாயிருந்தது. 1809இல் அரசு ஒரு புதிய வழிபாட்டு நூலைத் திணித்தது. அறிவொளிக் காலத்து அதிகாரிகள் எழுதிய அந்த நூலில் பிசாசைக் காணோம். ஞானஸ்நானத்தில் பிசாசை மறுதலிக்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள் என்று கிராமங்கள் கொதித்தன. பிசாசையே ஒழித்துவிட்டால் வெற்றி யார்மேல்?

இப்டிங்கன் என்ற ஊரின் நெசவாளி கெயோர்க் ராப் 1803இலேயே அமெரிக்காவுக்குப் போய்ப் பென்சில்வேனியாவில் தன் கூட்டத்தாருக்கென்று ஓர் ஊரைக் கட்டினார். இன்னும் பெரிய அலை 1817இல் எழுந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புழுதி வானத்தை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழுகியது. வூர்ட்டெம்பெர்க்கில் பஞ்சம். மிருகம் அவிழ்த்துவிடப்படும் நாளில் கர்த்தர் தம் மக்களுக்குக் கிழக்கே அடைக்கலம் வைத்திருக்கிறார் என்ற பேச்சு ஏற்கெனவே பரவியிருந்தது. உல்ம் நகரத்தில் ஓடமேறி ஆயிரக்கணக்கானோர் டான்யூப் நதிவழியே ருஷ்யப் பேரரசை நோக்கிப் போனார்கள். வழியில் இஸ்மாயில் துறைமுகத்தில் நோய்த்தடுப்புக் காவலில் அடைபட்டுப் பலர் மாண்டனர். மிஞ்சியவர்கள் காகசஸ் மலையடிவாரத்தில், நோவாவின் பேழை தங்கியதாக நம்பப்படும் அராராத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், ஊர்களைக் கட்டித் திராட்சை நட்டார்கள். அவர்களின் சந்ததியாரை 1941இல் ஸ்டாலின் கசக்ஸ்தானுக்கு நாடுகடத்தினார். அடைக்கலம் தேடிப் போன கதை அப்படி முடிந்தது.

குடிகள் வெளியேறுவதைக் கண்ட புதிய மன்னன் முதலாம் வில்ஹெல்ம் ஒரு சமரசத்துக்கு வந்தான். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே கோர்ந்தால் என்ற இடத்தில், அரசுத் திருச்சபைக்குக் கட்டுப்படாத தனிச் சபையாக இவர்கள் வாழலாம் என்று 1819இல் சலுகை கொடுத்தான். கோர்ந்தால் இன்றும் இருக்கிறது.

ஆக, 1836. அந்த ஆண்டை ஒட்டி வூர்ட்டெம்பெர்க்கில் ஒரு பெரிய சம்பவம் நடக்கத்தான் செய்தது. ஆனால் அது பக்தர்கள் விரும்பியதற்கு நேர்மாறானது. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் 27 வயது உதவி ஆசிரியர் டேவிட் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ரவுஸ் 1835-36இல் இரண்டு பாகங்களாக ‘இயேசுவின் வாழ்க்கை’ நூலை வெளியிட்டார். சுவிசேஷங்களின் அற்புதங்கள் வரலாறு அல்ல, ஆதிச்சபை நெய்த புராணம் என்றார். வேலை போனது, புகழ் வந்தது. மிருகம் விழ வேண்டிய நேரத்தில் வேதமே விழுகிறதே என்று பக்தர்கள் திகைத்தார்கள்.

ஸ்ட்ரவுஸின் பாடங்களைக் கேட்டுத் தடுமாறி, பிறகு வேறு திசையில் திரும்பிய ஒரு ட்யூபிங்கன் மாணவர் 1836 ஜூலையில் சென்னையில் வந்து இறங்கினார். பெயர் ஹெர்மன் குண்டர்ட். தமிழ் கற்று, திருநெல்வேலியிலும் சித்தூரிலும் சில காலம் ஊழியம் செய்து, பிறகு மலபாருக்குப் போய், மலையாளத்துக்கு இலக்கணமும் 1872இல் பெரிய அகராதியும் தந்தவர். குண்டர்ட் இந்தக் கதையில் மறுபடி வருவார்.

*

தேதி தவறிய பின் வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் யோஹான் கிறிஸ்டோஃப் ப்ளூம்ஹார்ட். 1805இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். ட்யூபிங்கனில் கவிஞர் எடுவார்ட் மோரிக்கே அவருக்கு நண்பர். 1830 முதல் 1837 வரை பாசல் மிஷன் பள்ளியில் ஆசிரியர். அந்த ஆண்டுகளில்தான் பாசல் மிஷன் தன் முதல் ஊழியர்களை மங்களூருக்கு அனுப்பியது (1834). பிறகு ராப்பின் ஊரான அதே இப்டிங்கனில் உதவிப் போதகராக இருந்து, பிளவுபட்ட சபையை ஒட்டவைக்க முயன்றார். 1838இல் கால்வ் நகருக்கு அருகே மோட்லிங்கன் என்ற கிராமத்துக்குப் போதகரானார். முந்தைய போதகர் கிறிஸ்டியான் கோட்லோப் பார்த் பேர்பெற்ற பிரசங்கி. கால்வ் பதிப்பகத்தை நிறுவியவர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுக் கேட்டு ஊர் மரத்துப்போயிருந்தது. புதுப் போதகர் பேசினால் மக்கள் உறங்கினார்கள்.

அந்த ஊரில் காட்லீபின் டிட்டுஸ் என்ற ஏழைப் பெண் இருந்தாள். 1815இல் பிறந்தவள், பெற்றோர் இல்லை, நோயாளி. சகோதரிகளோடும் சகோதரனோடும் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறியதிலிருந்து இரவுகளில் தட்டும் ஓசை, உருவங்கள், மயக்கம், வலிப்பு. 1842 வசந்தத்தில் ஓசை ஊரெங்கும் பேச்சாகிவிட்டது. கிராமத் தலைவரும் இன்னும் சிலரும் ஒரு இரவு காவலிருந்து தாங்களே கேட்டார்கள். சிகிச்சை செய்த மருத்துவர் கைவிரித்தார்.

அடுத்து நடந்தவற்றை வாசிக்கும் தமிழ் வாசகருக்குப் பேயோட்டும் கூட்டங்கள் நினைவுக்கு வரும். சாட்டை, எலுமிச்சம்பழம், வேப்பிலை. அல்லது ஒலிபெருக்கியில் அதட்டும் ஊழியக்காரர். ப்ளூம்ஹார்ட் அந்த வகை அல்ல. அவர் முதலில் விலகவே பார்த்தார். அவளை வேறு வீட்டுக்கு மாற்றினார். தனியாக அவளைச் சந்திக்க மறுத்து, கிராமத் தலைவரைச் சாட்சியாக உடன் வைத்துக்கொண்டார். மந்திரச் சூத்திரங்களைத் தொடவில்லை. பிசாசுகளிடம் அரட்டை அடிக்கும் ஆவலை அடக்கிக்கொண்டார். 1842 ஜூனில் ஒரு நாள் அவள் வலிப்பில் துடிப்பதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. பிசாசு செய்வதைப் போதுமட்டும் பார்த்தாயிற்று, இனி இயேசு என்ன செய்வார் என்று பார்ப்போம் என்ற கருத்துப்பட அவளை ஜெபிக்கச் சொன்னார். ஆயுதம் என்று அவரிடம் இருந்தவை ஜெபம், வேதவசனம், சிலவேளை உபவாசம். ஒன்றரை ஆண்டு இழுத்தது. 1843 டிசம்பர் 28 அதிகாலை, கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், அதற்குள் பாதிக்கப்பட்டிருந்த அவளுடைய சகோதரி கத்தரீனாவின் தொண்டையிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது: இயேசுவே வெற்றியாளர்! பிசாசே தன் தோல்வியை ஒப்புக்கொண்ட குரல் அது என்று ப்ளூம்ஹார்ட் எடுத்துக்கொண்டார். அதன்பின் காட்லீபின் குணமானாள்.

அந்த வீட்டில் நடந்தது என்ன? உளநோய் மருத்துவர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருச்சபை அதிகாரிகள் கேட்டதால் 1844இல் ப்ளூம்ஹார்ட் எழுதிக் கொடுத்த இரகசிய அறிக்கை அவருக்குத் தெரியாமல் நகலெடுக்கப்பட்டு நாடெங்கும் சுற்றியது. அதில் வாந்தியில் ஆணியும் கண்ணாடியும் வந்தன என்பது போன்ற பகுதிகள் உண்டு. அவை எனக்கு ஏறவில்லை. வாசகரும் நம்பத் தேவையில்லை. ஆனால் வரலாற்றுக்கு முக்கியம், அந்த அலறலை ஒரு கிராமப் போதகர் என்னவாகப் புரிந்துகொண்டார் என்பது. பெங்கலின் வெற்றி காலண்டரில் ஒரு நாள். அதற்கு முன் மனிதன் செய்யக்கூடியது காத்திருப்பதும் கணக்குப் பார்ப்பதும்தான். ப்ளூம்ஹார்ட்டுக்கோ, வெல்லப்போகிறவர் இப்போதே வென்றுகொண்டிருக்கிறார். இறுதிப் போரின் ஒரு முனை மோட்லிங்கனில் ஒரு கூலிப்பெண்ணின் படுக்கையருகே திறந்திருந்தது. இறுதி என்பது இனி தொலைவில் நிற்கும் எல்லைக்கல் அல்ல.

ஊரில் அதன் விளைவு உடனே தெரிந்தது. 1844 புத்தாண்டை ஒட்டி, ஊரில் கெட்ட பெயர் வாங்கிய ஒருவன் போதகர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்றான். அவனுக்குப் பின் இன்னொருவன். சில வாரங்களில் வரிசை. சீர்திருத்தச் சபையில் தனி அறிக்கை ஏறக்குறைய வழக்கொழிந்திருந்த காலம் அது. திருட்டு, வஞ்சம், பில்லிசூனியம் எல்லாம் வெளியே வந்தன. திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலைமுறைப் பகைகள் தீர்ந்தன. பாவமன்னிப்பு பெறும்போது சிலருக்கு உடல் நோயும் நீங்கியது. செய்தி பரவிச் சுற்று வட்டாரமே ஞாயிறுகளில் மோட்லிங்கனுக்கு நடந்து வந்தது. பக்கத்து ஊர்ப் போதகர்கள் தங்கள் ஆடுகளை இவர் இழுக்கிறார் என்று புகார் எழுதினார்கள். மருத்துவர்களும் எழுதினார்கள். 1846இல் மேலிடம் தடை போட்டது: நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், சுகமளித்தலைப் போதக வேலையோடு கலக்கக் கூடாது. ப்ளூம்ஹார்ட் அடங்கினார், அடங்க முடியாமலும் தவித்தார்.

1852இல் அவருக்கு ஒரு வழி பிறந்தது. கோப்பிங்கன் நகருக்கு அருகே பாட் போல் என்ற கந்தக நீரூற்றுக் குளியலகம் அரசின் கையில் நட்டத்தில் கிடந்தது. மன்னன் அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தான். ஊழியத்தை விட்டு அங்கே குடியேறினார். காட்லீபினும் கூடவே போனாள். வேலைக்காரியாக அல்ல, குடும்பத்தில் ஒருத்தியாக, வீட்டு நிர்வாகியாக. 1855இல் திருமணம் செய்துகொண்டு 1872இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தாள். பிரபுக்களும் விவசாயிகளும் ஒரே நீண்ட மேசையில் உண்டார்கள். முதியவரின் எதிர்பார்ப்பு மட்டும் குறையவில்லை. பரிசுத்த ஆவி மீண்டும் உலகத்தின்மேல் பொழியப்படும், அதைத் தொடர்ந்து இயேசு வருவார், தன் ஆயுளிலேயே வருவார் என்று காத்திருந்தார்.

இந்த நம்பிக்கைக்குள் ஒரு வெடிமருந்து இருந்தது. கடவுள் தீமையை முழுமையாக வெல்வார் என்றால், நித்திய நரகம் என்று ஒன்று எஞ்சியிருக்க முடியுமா? எஞ்சினால் அது அரைகுறை வெற்றிதானே? வூர்ட்டெம்பெர்க் பக்தர்களிடம் இந்தக் கேள்வி பழையது. பெங்கல் உள்ளூர ஒத்துக்கொண்டு வெளியே சொல்லத் தயங்கியவர். விவசாயி மிகாயேல் ஹான் எல்லாமே கடைசியில் கடவுளிடம் மீளும் என்று வெளிப்படையாகவே போதித்தார். லூத்தரன் திருச்சபையின் விசுவாச அறிக்கை அதைக் கண்டித்திருந்தது. முதிய ப்ளூம்ஹார்ட் கோட்பாடு எழுதவில்லை. ஆனால் ஒரு பெரிய வெள்ளி நாளில் சகலருக்குமான பொது மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். யாரையும் கைவிடப்பட்டவர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என் பார்வையில் ப்ளூம்ஹார்ட் மரபின் மையம் இதுதான், பேய்க்கதை அல்ல. எதிராளியை அழிப்பதில் மகிழும் வெற்றியை மூன்ஸ்டரில் பார்த்தோம். இது எதிராளியும் மீட்கப்படும் வெற்றி. கிறிஸ்தவ வரலாற்றில் இறுதி நாளைப் பற்றிப் பேசிய எத்தனையோ பேரில் இந்தக் கருணை அபூர்வம்.

1880 பிப்ரவரி 25 அன்று அவர் இறந்தார். சாகுமுன் மகனின் தலையில் கைவைத்து, வெற்றி பெறும்படிக்கு என்று ஆசீர்வதித்தார்.

*

மகன் கிறிஸ்டோஃப் ஃப்ரீட்ரிக் ப்ளூம்ஹார்ட், போராட்டம் தொடங்கிய 1842இல் அதே போதகர் வீட்டில் பிறந்தவர். தந்தைக்குப் பின் பாட் போலை ஏற்றார். அவருக்கும் சுகமளிக்கும் வரம் இருந்தது. 1888இல் பெர்லினுக்குப் போனபோது கூட்டம் அலைமோதியது. அவருக்கு அது கசந்தது. மக்கள் கடவுளைத் தேடவில்லை, தங்கள் முதுகுவலி போவதைத் தேடுகிறார்கள் என்று கண்டார். சுகமளிக்கும் கூட்டங்களை விட்டார். இங்கே என் மரியாதை அவருக்கு இரட்டிப்பாகிறது; கூட்டம் சேர்ந்தபின் கடையைக் கட்டிய ஊழியக்காரர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அவரிடம் 1892 மே மாதத்தில் ஒரு பதினான்கு வயதுப் பையனைக் கொண்டுவந்து விட்டார்கள். மௌல்பிரான் மடப்பள்ளியிலிருந்து ஓடிப்போனவன், பிடிவாதக்காரன். தாய் மரீ, குண்டர்ட்டின் மகள். 1842இல் தலச்சேரியில் பிறந்தவர். பையனின் பெயர் ஹெர்மன் ஹெஸ்ஸே. பாட் போலில் சில வாரம் அமைதியாக இருந்தான். பிறகு ஒரு காதல் தோல்வி. கைத்துப்பாக்கி வாங்கித் தற்கொலைக்கு முனைந்தான். ப்ளூம்ஹார்ட்டுக்கு அவனைக் கையாளத் தெரியவில்லை. ஸ்டெட்டன் மனநோயாளர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னார். நோபல் பரிசு பெறப்போகும் எழுத்தாளனிடம் பாட் போல் தோற்றது என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

1899இல் ஜெர்மன் பேரரசன் இரண்டாம் வில்ஹெல்மின் அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. மற்றவர்களை வேலைநிறுத்தத்துக்குக் கட்டாயப்படுத்துவோருக்குக் கடுங்காவல் தண்டனை. மக்கள் அதைக் கடுங்காவல் மசோதா என்றே அழைத்தார்கள். கோப்பிங்கன் அப்போது ஆலை நகரம்; நெசவாலைகள், இயந்திரப் பட்டறைகள், பொம்மை ரயில்களுக்குப் பேர்போன மார்க்லின். அங்கே ஜூனில் கண்டனக் கூட்டம் நடந்தது. ப்ளூம்ஹார்ட் போய்த் தொழிலாளர் பக்கம் பேசினார். அக்டோபரில் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். மதம் தனிப்பட்டவர் விஷயம் என்று 1891 எர்ஃபுர்ட் திட்டத்தில் எழுதி வைத்திருந்த மார்க்சியக் கட்சி அது. போதகர்களின் கண்ணில் நாத்திகக் கூடாரம். திருச்சபை மேலிடம் அவரைப் போதகர் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. துறந்தார். பழைய விருந்தினர் பலர் பாட் போலுக்கு வருவதை நிறுத்தினார்கள். மசோதாவை நவம்பரில் நாடாளுமன்றம் நிராகரித்தது. 1900 டிசம்பரில் கோப்பிங்கன் தொகுதி அவரை வூர்ட்டெம்பெர்க் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது.

இதைத் தடம் மாறியதாகப் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்தை பிசாசை ஒரு பெண்ணின் உடலில் கண்டார். மகன் பணத்தில் கண்டார், கூலியில் கண்டார், பீரங்கியில் கண்டார். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: இந்த மண்ணில் ஆள்வது யார்? ஏழைகளுக்காகப் போராடும் நாத்திகர்களிடம் தேவனுடைய ராஜ்யம் நடமாடுவதைப் பக்தர்கள் பார்க்கத் தவறுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கட்சி அரசியல் அவரைக் களைப்படைய வைத்தது என்பதும் உண்மை. 1906இல் ஒதுங்கிக்கொண்டார். கட்சிக்குள்ளும் பதவி வேட்டையும் சூத்திரங்களும் இருப்பதைக் கண்டபின், காத்திருத்தல் என்ற பழைய சொல்லுக்குத் திரும்பினார். இப்போது அது கணக்குப் போட்டுக் காத்திருப்பது அல்ல. வேலை செய்துகொண்டே விரைந்து காத்திருப்பது.

அவர் மருமகன் ரிச்சர்ட் வில்ஹெல்ம் 1899இல் சீனாவின் சிங்டாவுக்கு மிஷனரியாகப் போனார். மாமனார் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார்: சீனர்களை ஐரோப்பியராக்காதே, மதம் மாற்றி ஆள் சேர்க்காதே, கடவுள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். தான் ஒரு சீனருக்குக்கூட ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் ரிச்சர்ட் நிறைவோடு சொல்லிக்கொண்டார். ‘இ சிங்’ நூலை 1924இல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஜெர்மனியின் பிரசங்க மேடைகள் ஒரே குரலில் பேசின: கடவுள் நம் பக்கம், நம் படையின் வெற்றி கடவுளின் வெற்றி. அக்டோபரில் 93 அறிஞர்கள் போரை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். சுவிட்சர்லாந்தின் சாஃபென்வில் என்ற நெசவாலைக் கிராமத்தில் 28 வயதுப் போதகர் ஒருவர் அந்தப் பட்டியலை வாசித்து, தன் ஆசிரியர்கள் ஹார்னக்கின் பெயரையும் ஹெர்மனின் பெயரையும் கண்டு அதிர்ந்தார். அவர் கார்ல் பார்த். இவர்களிடம் கற்ற இறையியலில் எதை இனி நம்புவது?

1915 ஏப்ரலில் தம்பியின் திருமணத்துக்காக மார்பர்க் போனார். அங்கே ஃப்ரீட்ரிக் நௌமனைச் சந்தித்தார். ஒருகாலத்தில் போதகராக இருந்து, ஏழைகளுக்காகப் பேசி, பிறகு தேசிய அரசியல்வாதியானவர் நௌமன். போரைத் தாங்கி நிற்க உதவுமென்றால் எந்த மதமானாலும் சரிதான் என்ற தொனியில் அவர் பேசியது பார்த்தைக் குமட்ட வைத்தது. அங்கிருந்து நண்பர் எடுவார்ட் துர்னைசனுடன் பாட் போலுக்குப் போனார். 72 வயது ப்ளூம்ஹார்ட்டுடன் சில நாள் பேசினார். தேசத்தின் வெற்றியைக் கடவுளின் வெற்றியோடு குழப்பிக்கொள்ளாத ஒரு ஜெர்மானியக் கிறிஸ்தவரை அங்கே கண்டார். கடவுளைப் பற்றிப் பேசுவதென்றால், இந்த உலகத்தைப் புதிதாக்கப்போகிற ஒருவரைப் பற்றிப் பேசுவது என்ற தெளிவோடு திரும்பினார். அடுத்த ஆண்டு ரோமர் நிருபத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1919இலும், திருத்தி எழுதிய வடிவில் 1922இலும் வெளிவந்த அந்த விளக்கவுரை ஐரோப்பிய இறையியலைப் புரட்டிப்போட்டது. 1934இல் ஹிட்லரின் ஆட்சிக்கு வளைய மறுத்த சபைகளுக்காக பார்மன் பிரகடனத்தின் வாசகத்தைப் பெரும்பாலும் எழுதியவரும் இவரே. திருச்சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய வார்த்தை இயேசு கிறிஸ்து ஒருவரே, வேறு எந்தத் தலைவனும் அல்ல என்பது அதன் முதல் கூற்று.

மகன் ப்ளூம்ஹார்ட் 1917இல் பக்கவாதத்தில் விழுந்து, 1919 ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு பாட் போலை ஹெர்ன்ஹூட் சகோதரர் சபை ஏற்றுக்கொண்டது. அவர் விட்டுச் சென்றது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இறையியலாளர்கள் ஒத்துப்போகவில்லை. ருடால்ஃப் புல்ட்மன் என்ற பெரிய அறிஞர் ப்ளூம்ஹார்ட் கதைகளே தனக்கு அருவருப்பு என்று எழுதிவிட்டார். மின்விளக்கும் வானொலியும் பயன்படுத்துகிறவன் ஆவிகளை நம்ப முடியாது என்பது அவர் கட்சி. ஸ்ட்ரவுஸ் தொடங்கியதை நூறு ஆண்டு கழித்து முடித்து வைத்தவர் புல்ட்மன் என்றால் மிகையில்லை. பார்த்தோ எதிர்த்திசையில் போனார். அவருடைய மாபெரும் ‘திருச்சபை இறையியல்’ நூலில் 1959இல் வெளிவந்த பாகத்தின் ஒரு நீண்ட பகுதிக்கு, 1843 டிசம்பரில் கத்தரீனா டிட்டுஸ் அலறிய அதே சொற்களையே தலைப்பாக வைத்தார்.

1968 டிசம்பர் 9 இரவு, 82 வயதான பார்த்தும் பழைய நண்பர் துர்னைசனும் தொலைபேசியில் பேசினார்கள். வியட்நாம் போர், செக்கோஸ்லோவாகியாவில் ருஷ்ய டாங்கிகள், உலகம் இருண்டு கிடப்பது பற்றிய பேச்சு. மனம் தளர வேண்டாம், மேலே ஆட்சி நடக்கிறது என்று பார்த் நண்பரைத் தேற்றினார். ப்ளூம்ஹார்ட்டிடமிருந்து வந்த பேச்சு அது. அன்றிரவே உறக்கத்தில் இறந்தார்.

அடுத்த அத்தியாயத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் மாநிலத்துக்குப் போவோம். மோட்லிங்கனில் மக்கள் பாவ அறிக்கைக்கு வரிசை நின்ற அதே 1844இல், வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் கணக்கை நம்பி அறுவடையையே வயலில் விட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் குறித்த நாள் அக்டோபர் 22. தானியேலின் எட்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வந்தால், 2,300 என்ற எண் அவர்களை எங்கே கொண்டுபோனது என்பதைப் பின்தொடர எளிதாக இருக்கும்.